மாங்கனீசுப் பச்சை: எக்ஸ் கதிர்த் திரைக்கான கலப்பின உலோக ஹாலைடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களும், யூவி விளக்கின் கீழ் பச்சையாக எரியும் குப்பியைப் பார்த்து நின்றுவிட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்தக் குடும்பம் பெரியது. எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் பெரும்பாலும் ஒரே சேர்மத்தை வைத்துப் பேசுகிறேன்: டெட்ராபீனைல்பாஸ்போனியம் மாங்கனீசு புரோமைடு. பெயர்தான் நீளம், செய்வது சுலபம்.

முதலில், இது என்ன பொருள்? எதற்கு?

எக்ஸ் கதிர் பட்டால் ஒளிரும் உப்பு, அவ்வளவுதான். பெரும்பாலான எக்ஸ் கதிர்க் கருவிகளில் உணரி கதிரை நேரடியாகப் பார்ப்பதில்லை. இடையில் ஒரு திரை அதை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. அந்த ஒளியைத்தான் பின்னால் இருக்கும் சிலிக்கான் உணரி படமாக்குகிறது. இப்படி மாற்றித் தரும் பொருளுக்குச் சிண்டிலேட்டர் என்று பெயர். எக்ஸ் கதிருக்கு என்ன வயதோ அதேதான் இந்த வித்தைக்கும். 1895 நவம்பர் 8 அன்று வூர்ட்ஸ்பர்க்கில் ராண்ட்ஜன் கதிரைக் கண்டுகொண்டதே பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை இருட்டில் மினுங்கியதால்தான்.

அதற்குத்தான் சீசியம் அயோடைடு இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. தாலியம் கலந்த சீசியம் அயோடைடு ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் (பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுக்குச் சுமார் 54,000 ஒளித்துகள்கள், அதாவது ஃபோட்டான்கள், தருகிறது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தால் துடைப்பத்து ஈர்க்குகளைக் கட்டாக நிறுத்தி வைத்ததுபோல் ஊசி ஊசியாக வளரும். ஒவ்வொரு ஊசியும் தனக்குள் பிறந்த ஒளியைப் பக்கத்தில் ஓடவிடாமல் நேராகக் கீழே இறக்கிவிடும். படம் கூர்மையாக வருவதன் ரகசியம் அதுதான்.

குறைகளும் உண்டு. வெற்றிட அறை வேண்டும், தாலியம் கொடிய நச்சு, திரை ஈரத்தை இழுக்கும், கதிரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு பழைய திரைப் பொருளான கடோலினியம் ஆக்சிசல்பைடைத் தயாரிக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளை வேண்டும். கலப்பின ஹாலைடு அறை வெப்பத்தில், ஒரு சிறு குப்பியில், இரண்டு உப்பைக் கரைத்து வைத்தால் வந்துவிடுகிறது. ஆளை இழுப்பது அந்தச் சுலபம்தான். அந்தச் சுலபம் எதுவரை வரும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

"கலப்பின" என்றால் எதோடு எதைக் கலந்தது? "பூஜ்யப் பரிமாணம்" என்கிறார்களே, அது என்ன?

உலோகமும் ஹாலஜனும் (புரோமின், குளோரின் போன்றவை) சேர்ந்த கனிமப் பகுதி ஒன்று, கார்பனால் ஆன கரிமப் பகுதி ஒன்று. இரண்டும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகளாக ஒரே படிகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நம் சேர்மத்தில் ஒரு மாங்கனீசைச் சுற்றி நான்கு புரோமின், நான்முகி வடிவத்தில். அதன் இரட்டை எதிர் மின்னூட்டத்தைச் சமன்செய்ய இரண்டு பாஸ்போனியம் அயனிகள். ஒவ்வொன்றும் நான்கு பென்சீன் வளையங்களைச் சுமக்கும் பருத்த உருவம்.

அந்தப் பருமன்தான் முக்கியம். மாங்கனீசு நான்முகிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனித் தீவாக நிற்கின்றன. தளமாகவோ சங்கிலியாகவோ கோத்துக்கொள்ளாததால் பூஜ்யப் பரிமாணம். படிகம் என்னவோ முப்பரிமாணம்தான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மாங்கனீசுகள் நெருங்கி இருந்தால் ஒன்று வாங்கிய ஆற்றலை அடுத்ததற்குத் தள்ளும். அது இன்னொன்றுக்குத் தள்ளும். கடைசியில் எங்காவது ஒரு குறைபாட்டில் விழுந்து சூடாகப் போய்விடும். தள்ளி நிறுத்தினால் வாங்கியவனே ஒளிர்ந்தாக வேண்டும்.

ஏன் எப்போதும் பச்சை?

மாங்கனீசு இரண்டு அயனியில் ஐந்து டி எலக்ட்ரான்கள், ஐந்தும் ஒரே திசைத் தற்சுழற்சியோடு இருக்கின்றன. ஆற்றல் வாங்கியதும் ஒன்றின் தற்சுழற்சி புரள்கிறது. பழைய நிலைக்குத் திரும்பும்போது மிச்ச ஆற்றல் ஒளியாக வருகிறது. நான்முகிச் சூழலில் அந்த ஒளி 520 நானோமீட்டரை ஒட்டி விழுகிறது. ஆறு ஹாலஜன் சூழ்ந்த எண்முகிச் சூழல் என்றால் ஆரஞ்சு, சிவப்புப் பக்கம் போகும்.

தற்சுழற்சி புரளும் மாற்றத்தைக் குவாண்டம் விதி தடுக்கிறது. தடுத்தாலும் நடக்கிறது, ஆனால் மெதுவாக. ஒளிர்வு தணிய ஏறத்தாழ 0.35 மில்லி செகண்ட் ஆகும். சிண்டிலேட்டர் உலகத்தில் அது ஆமை வேகம். இதனால் வரும் வம்பைச் சிடி ஸ்கேன் கேள்வியில் பாருங்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. இந்தப் படிகம் உறிஞ்சுவது புற ஊதாவும் நீலமும், உமிழ்வது பச்சை. தான் உமிழ்ந்ததைத் தானே விழுங்குவது மிகக் குறைவு. சீசியம் ஈய புரோமைடு போன்ற பெரோவ்ஸ்கைட்டுகளில் இரண்டும் நெருங்கி இருப்பதால், திரையைக் கனமாக்கினால் ஒளி உள்ளேயே காணாமல் போகும்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

எதைக் கண்டுபிடித்தது என்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்முகி மாங்கனீசு ஹாலைடுகளின் நிறமாலையை வேதியியலாளர்கள் காட்டனும் குட்கேம் இணையரும் 1962-லேயே எழுதிவிட்டார்கள். அப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் அது கனிம வேதியியல் பாடத்தில் ஒரு அழகான உதாரணமாகக் கிடந்தது. எக்ஸ் கதிர்ப் படத்துக்கு இதைப் பெரிதாக எடுத்துக்காட்டியது புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிவூ மாவின் குழு, 2020-ல். அவர்கள் எடுத்தது கொஞ்சம் வேறு கரிம அயனி: இரண்டு டிரைபீனைல்பாஸ்போனியத்தை ஓர் எத்திலீன் பாலத்தால் இணைத்தது. 517 நானோமீட்டர் பச்சை, சுமார் 95% ஒளிர்வுத் திறன், மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 80,000 ஃபோட்டான் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு இந்தத் துறையில் கட்டுரைகள் மழையாகக் கொட்டுகின்றன. சீனாவில் குவாங்சோவில் ஷியா ஜிகுவோவின் குழு இதே டெட்ராபீனைல்பாஸ்போனியம் சேர்மத்தை ஒளி ஊடுருவும் வில்லைகளாக்கியது.

சரி, எப்படித் தயாரிப்பது?

ஒரு மில்லிமோல் அளவுக்குச் சொல்கிறேன். டெட்ராபீனைல்பாஸ்போனியம் புரோமைடு 839 மி.கி. (அது 2 மில்லிமோல்), நீரற்ற மாங்கனீசு புரோமைடு 215 மி.கி. முன்னது வெள்ளைப் பொடி, பின்னது வெளிர் இளஞ்சிவப்பு. இரண்டையும் தனித்தனியே வெதுவெதுப்பான எத்தனாலில், கரையும் அளவுக்கு மட்டும் ஊற்றிக் கரையுங்கள். கலங்கல் இருந்தால் வடிகட்டுங்கள். தூசு ஒவ்வொன்றும் ஒரு படிகத்துக்கு விதை. பிறகு ஒன்றாக ஊற்றி, அடுப்புத்தட்டின் சூட்டை மெதுவாகக் குறைத்து, தொடாமல் விட்டுவிடுங்கள்.

தொடாமல் விடுவதுதான் கடினமான படி. கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாகு ஆறும்போது நூலைத் தொங்கவிட்டுப் பாத்திரத்தை அசைக்காமல் நாள்கணக்கில் வைத்தால் கட்டி கட்டியாக வளரும். அவசரப்பட்டுக் கிளறினால் சர்க்கரைத் தூள்தான் மிஞ்சும். கரைசல் தெவிட்டும் நிலையைத் தாண்டி எவ்வளவு மெதுவாகப் போகிறதோ, அவ்வளவு குறைவான விதைகள், அவ்வளவு பெரிய படிகங்கள்.

இன்னும் நல்ல படிகம் வேண்டுமானால் ஆவி முறை. உப்புகளை டைகுளோரோமீத்தேனில் கரைத்து ஒரு சிறு குப்பியில் ஊற்றி, மூடாமல், ஈதர் ஊற்றிய பெரிய ஜாடிக்குள் இறக்கி ஜாடியை இறுக மூடுங்கள். ஈதர் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பிக்குள் கரையும். ஈதரில் நம் உப்பு கரையாது. எனவே உப்பைக் கரைத்து வைத்திருக்கும் திறன் கரைசலுக்கு மணிக்கு மணி குறையும். இரண்டு மூன்று நாளில் குப்பியின் அடியில் வெளிர் பச்சைக் கட்டிகள் தெரியும். 365 நானோமீட்டர் யூவி விளக்கைக் காட்டிப் பாருங்கள். முதல் முறை பார்ப்பவர்கள் யாரும் சும்மா இருந்ததில்லை.

ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும் என்பதை மறக்காதீர்கள். நம்மூர் மே மாதத்தில் ஏசி நின்றுபோன அறை அதைவிடச் சூடு. ஒரு சனிக்கிழமை மதியம் மின்சாரம் போய், நான் வைத்திருந்த ஜாடியின் மூடி தானாகக் கழன்று, திங்கட்கிழமை வந்து பார்த்தபோது வறண்ட குப்பியும் அறை முழுக்க வாடையும்தான் மிச்சம். தீப்பொறி எதுவும் இல்லாததால் பிழைத்தோம்.

பொடி பாதி ஒளிர்கிறது, பாதி வெள்ளையாகக் கிடக்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும் தராசில் நடந்த தவறு. கடையில் கிடைக்கும் மாங்கனீசு புரோமைடு பல நேரம் நான்கு நீர் மூலக்கூறுகளோடு வருகிறது. அப்போது ஒரு மில்லிமோலுக்கு 287 மி.கி. வேண்டும். புட்டியின் லேபிளைப் பார்க்காமல் 215 மி.கி. எடுத்தால் முக்கால் மில்லிமோல்தான் உள்ளே போகும். கால் பங்கு பாஸ்போனியம் உப்பு, ஏறக்குறைய 210 மி.கி., ஜோடி கிடைக்காமல் வெள்ளையாக நிற்கும். நீரற்றது என்று வாங்கியதும் இரண்டு மழைக்கால மாதம் திறந்து திறந்து மூடினால் நீருள்ளதாகிவிடும். எடுக்கும் முன் வெற்றிட அடுப்பில் உலர்த்துவது நல்ல பழக்கம். நான் இதை இரண்டு முறை கோட்டைவிட்ட பிறகுதான் கற்றேன்.

மொத்தமும் மங்கலாக இருந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். நீர் மாங்கனீசோடு சேர்ந்துகொண்டு புரோமினை வெளியே தள்ளிவிடும். நான்முகி கலைந்தால் பச்சையும் போயிற்று. உலர்த்தினால் பெரும்பாலும் திரும்பி வரும்.

படிகத்துக்குப் பதில் எண்ணெய் மாதிரி ஒரு திரவம் பிரிந்து நிற்கிறதே?

கரைசல் மிக அடர்த்தியாக இருந்திருக்கும், அல்லது ஈதரை நேரடியாக ஊற்றியிருப்பீர்கள். பருத்த கரிம அயனிகள் வரிசையில் உட்கார நேரம் எடுக்கும். நேரம் கொடுக்காமல் விரட்டினால் குழம்பாகத்தான் வெளியே வரும். இன்னும் கொஞ்சம் கரைப்பான் சேர்த்துச் சூடாக்கித் தெளியவைத்து, முன்பு வந்த நல்ல படிகத்திலிருந்து ஒரு துணுக்கை விதையாகப் போட்டு மறுபடி ஆறவிடுங்கள்.

கரைப்பானே இல்லாமல் அரைத்தால் வருமா?

வரும். பார்க்கவேண்டிய காட்சியும் அதுதான். அகேட் கல்வத்தில் வெள்ளைப் பொடியையும் இளஞ்சிவப்புப் பொடியையும் போட்டு யூவி விளக்கின் கீழ் அரையுங்கள். முதலில் ஒன்றும் இருக்காது. உலக்கை அழுந்திய தடத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு எழும். ஒரு சொட்டு எத்தனால் விட்டால் கோடு பரவும். சில நிமிடங்களில் கல்வம் முழுக்கப் பச்சை. அடுப்பும் இல்லை, கழிவுக் கரைப்பானும் இல்லை.

திரை செய்ய இந்தப் பொடியே போதும் என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அரைத்த பொடியில் வினைபுரியாத துணுக்குகளும் படிகக் குறைபாடுகளும் அதிகம். யூவியில் பளிச்சென்று தெரிவது எக்ஸ் கதிரிலும் அப்படியே தெரியவேண்டும் என்பதில்லை. எக்ஸ்ஆர்டி (பொடியில் எந்தப் படிகங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) எடுத்துப் பார்த்து, பழைய உப்பின் கோடுகள் ஒன்றுகூட இல்லை என்றான பிறகு முடிவு செய்யுங்கள்.

பெரிய ஒற்றைப் படிகம் வளர்க்க முடியுமா?

சென்டிமீட்டர் அளவுக்குப் பலர் வளர்த்திருக்கிறார்கள். கரைசலில் படிகம் வளர்ப்பது தமிழ்நாட்டு ஆய்வகங்களுக்குக் கைவந்த கலை. ஒரே திசையில் நீளமாக வளர்க்கும் சங்கரநாராயணன்–ராமசாமி முறை 2005-ல் இங்கிருந்து வெளிவந்ததுதான். ஆனால் மார்பை மறைக்கும் அளவுக்கு, 35-க்கு 43 சென்டிமீட்டரில், ஒற்றைப் படிகப் பலகை செய்வது இப்போதைக்கு ஆசைதான். பெரிய திரைக்கு வேறு வழி வேண்டும்.

அப்படியானால் படிகத்திலிருந்து திரை எப்படி?

இந்தத் துறையின் உண்மையான சிரமம் இங்கேதான் தொடங்குகிறது. படிகம் ஒரு வாரத்தில் வந்துவிடும். நல்ல திரைக்கு ஒரு முனைவர் பட்டக் காலம் போதவில்லை.

எளிய வழி, பொடியைச் சலித்துப் பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன் ரப்பரில் பிசைந்து, வெற்றிடத்தில் குமிழ் நீக்கி, கண்ணாடியில் ஊற்றிக் கத்தி விளிம்பால் ஒரே கனத்துக்கு இழுத்து, அடுப்பில் கெட்டியாக்குவது. வளையும், மலிவு, எவ்வளவு பெரிதாகவும் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: பாஸ்போனியம் உப்பில் டிரைபீனைல்பாஸ்பீன் எச்சம் இருந்தால் ரப்பரைக் கெட்டியாக்கும் பிளாட்டினம் வினையூக்கி செத்துவிடும். திரை நாள்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். அடுப்பைத் திட்டிப் பயனில்லை, உப்பை மறுபடிகமாக்குங்கள்.

இதன் பெரிய குறை, ஒளிச் சிதறல். படிகத் துணுக்கின் ஒளிவிலகல் எண் ஒன்று, ரப்பருடையது வேறு. ஒவ்வொரு எல்லையிலும் ஒளி திசை மாறும். வெள்ளை வேட்டிக்குப் பின்னால் விளக்கு வைத்தால் துணி முழுக்க வெளிச்சம் பரவி, சுடர் எங்கே என்றே தெரியாமல் போகுமே, அதேதான். எக்ஸ் கதிர் விழுந்தது ஒரு புள்ளி, வெளியே தெரிவது ஒரு வட்டம்.

அதனால்தான் எல்லோரும் ஒளி ஊடுருவும் திரையைத் தேடி ஓடுகிறார்கள். குவாங்சோ குழு 2022-ல் காட்டியது, விதைப் படிகத்தோடு அழுத்தித் தாழ் வெப்பத்தில் பொடியை இணைத்துத் தெளிந்த வில்லையாக்கும் வழி. இன்னொரு வழி, பாஸ்போனியத்தில் ஹெக்சைல் போன்ற நீண்ட வால் ஒட்டினால் உருகுநிலை இறங்கும். உருக்கிச் சட்டென்று ஆறவைத்தால் படிகமாக ஒழுங்குபடாமல் கண்ணாடியாகவே உறைந்துவிடும். எல்லையே இல்லாததால் சிதறலும் இல்லை. இந்த உருக்கும் வழிதான் எனக்குப் பிடித்தது. சீசியம் அயோடைடால் செய்ய முடியாததை இது செய்கிறது. ஆனால் கண்ணாடி என்பது பொறுமையிழந்த திரவம். மாதங்கள் போனால் அங்கங்கே படிகமாகி வெண்புள்ளி விழும்.

80,000 ஃபோட்டான் என்றால் சீசியம் அயோடைடை ஜெயித்துவிட்டதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

முதலில், எண் சாத்தியமா? 517 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 2.4 எலக்ட்ரான் வோல்ட். 80,000-ஆல் பெருக்கினால் 1,92,000. உள்ளே போன பத்து லட்சத்தில் 19% ஒளியாக வெளியே வருகிறது. இயற்பியல் விதி எதையும் மீறவில்லை.

ஆனால் அந்த ஃபோட்டான் கணக்கு திரையில் நின்ற எக்ஸ் கதிருக்கு மட்டும். நிற்காமல் ஊடுருவிப் போனதற்குக் கணக்கே இல்லை. நம் சேர்மத்தில் புரோமின் எடையில் 30%, மாங்கனீசு 5%. மீதி 65% கார்பன், ஹைட்ரஜன், பாஸ்பரஸ். எக்ஸ் கதிருக்கு அவை திறந்த கதவு மாதிரி. அடர்த்தியும் கன சென்டிமீட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே. சீசியம் அயோடைடு 4.51 கிராம், அத்தனையும் கனத்த அணு.

அரை மில்லிமீட்டர் கனத் திரை, 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் என்று வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். நூறு கதிர்த்துகள் வந்தால் சீசியம் அயோடைடு சுமார் 80-ஐப் பிடிக்கிறது. நம் பச்சை உப்பு 8-ஐப் பிடித்தால் அதிகம். அந்த 80,000-ஐயே நம் உப்புக்கும் வைத்தால், ஒரு துகளுக்கு நம்முடையது 4,800 ஃபோட்டான், அதனுடையது 3,240. பெருக்குங்கள்: நமக்கு 38,400, அதற்கு 2,59,200. வெளிச்சத்தை விடுங்கள், அதை மின்னணுவியலால் பெருக்கிக்கொள்ளலாம். தவறவிட்ட 92 துகள்களைத் திரும்ப வாங்க முடியாது. படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிவது அதனால்தான். நோயாளியின் உடலைக் கடந்து வந்த கதிரில் பத்தில் ஒன்பது பங்கு வீண்.

20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு இறங்கினால் கதை மாறும். அங்கே புரோமின் நன்றாகவே பிடிக்கும், பாதிக்கு மேல் திரையில் நிற்கும். மார்பகப் பரிசோதனை, விதை, பூச்சி, மெல்லிய பிளாஸ்டிக் பாகம், மின்னணு அட்டை போன்றவற்றுக்கு இந்தப் பொருள் நியாயமான வேட்பாளர். இடுப்பு எலும்பைப் படம்பிடிக்க அல்ல.

அந்த 80,000-ஐ எப்படி அளந்தார்கள்?

வழக்கமான முறை, ஒரு காமாத் துகள் எழுப்பும் ஒளித்துடிப்பைத் தனியே அளப்பது. மாங்கனீசு ஒளிர்வு மில்லி செகண்டில் இழுத்துக்கொண்டு போவதால் துடிப்பு என்று எதுவும் உருப்படியாக அகப்படாது. எனவே தொடர்ந்து விழும் எக்ஸ் கதிரில் தெரிந்த ஒரு சிண்டிலேட்டரையும் இதையும் பக்கத்தில் வைத்து, ஒளியை ஒப்பிட்டு, பிடித்த கதிரின் பங்கால் வகுக்கிறார்கள். அந்த வகுத்தலில்தான் ஆபத்து. பங்கு 8% என்பதற்குப் பதில் 6% என்று எடுத்துவிட்டால் விடை மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். கட்டுரையில் பெரிய எண்ணைப் பார்த்தால் முதலில் மாதிரியின் கனத்தைத் தேடுங்கள். அது சொல்லப்படவில்லை என்றால் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

நானோகிரே அளவில் கதிரைக் கண்டுபிடிக்கிறது என்கிறார்களே? நோயாளிக்குக் கதிர் குறையுமா?

கிரே என்பது பொருள் உறிஞ்சும் கதிர் அளவின் அலகு. 2020 கட்டுரையில் கண்டறியும் எல்லை நொடிக்கு 72.8 நானோகிரே. மருத்துவத் தேவை என்று நொடிக்கு 5.5 மைக்ரோகிரே என்ற எண்ணை இந்தத் துறைக் கட்டுரைகள் வழக்கமாக மேற்கோள் காட்டும். 72.8 அதைவிட 75 மடங்கு நுட்பம். உணரிக்கு ஏதோ வெளிச்சம் தெரிகிறது என்பது வேறு, மருத்துவர் நிழலைப் பிரித்தறியும்படி படம் வருவது வேறு. பின்னதைத் தீர்மானிப்பது சீசியம் அயோடைடோடு ஒப்பிட்ட பதிலில் சொன்ன எட்டும் எண்பதும்.

கூர்மை எப்படி? 15 வரிச்சோடி என்று படித்தேன்.

ஒரு கருங்கோடும் ஒரு வெண்கோடும் சேர்ந்தது ஒரு வரிச்சோடி. மில்லிமீட்டருக்கு 15 வரிச்சோடி என்றால் 33 மைக்ரான் அகலக் கோடுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. நல்ல சாதனைதான். ஆனால் மார்பு எக்ஸ் கதிருக்கான பல உணரிப் பலகைகளில் ஒரு பிக்சல் 139 மைக்ரான். அது எவ்வளவு முயன்றாலும் 3.6 வரிச்சோடிக்கு மேல் காட்டாது. ஆய்வகத்தில் இந்த எண்ணை எடுப்பது லென்ஸ் வைத்த கேமராவில், மெல்லிய திரையில். மெல்லிய திரை கூர்மை, கதிரைப் பிடிக்காது. கனத்த திரை பிடிக்கும், மங்கலாகும்.

சிடி ஸ்கேனில் பயன்படுத்தலாமா?

மாங்கனீசு உப்பை வேண்டாம். அரை நொடியில் ஒரு சுற்று, சுற்றுக்கு ஆயிரம் பார்வை (ஒவ்வொரு கோணத்திலும் எடுக்கும் ஒரு படம்) என்று வைத்தால் ஒரு பார்வைக்கு அரை மில்லி செகண்ட். 0.35 மில்லி செகண்டில் தணியும் ஒளி என்றால், பார்வையின் தொடக்கத்தில் பிறந்ததில்கூட ஏறக்குறைய 24% அடுத்த பார்வைக்குள் ஒழுகும். ஒவ்வொரு படத்திலும் முந்தையதன் பேய். சிடியில் உள்ள பிரசியோடிமியம் கலந்த கடோலினியம் ஆக்சிசல்பைடு சில மைக்ரோ செகண்டில் அடங்கிவிடும்.

நொடிக்கு 30 சட்டகம் எடுக்கும் வீடியோவுக்கு மாங்கனீசு தாங்கும். வேகம் வேண்டுமென்றால் இதே குடும்பத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆன்டிமனி குளோரைடு உப்புகள் மைக்ரோ செகண்டில் தணியும். உலோக இடத்தில் துத்தநாகத்தை வைத்து, ஒளிரும் வேலையைக் கரிம அயனியிடமே கொடுத்தால் நானோ செகண்டுக்கு இறங்கலாம். வெளிச்சம் குறையும்.

ஈயம் இல்லாதது என்றால் ஆபத்தில்லாதது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஈயத்தைவிடப் பரவாயில்லை, அவ்வளவே. பாஸ்போனியம் உப்புகள் எரிச்சலூட்டும், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. டைகுளோரோமீத்தேன் பொல்லாதது. பழைய ஈதர்ப் புட்டியில் வெடிக்கும் பெராக்சைடு சேர்ந்திருக்கும். உப்பைவிடக் கரைப்பான்தான் இந்த வேலையில் பெரிய எதிரி. எத்தனாலிலேயே முடியும் வேலைக்கு டைகுளோரோமீத்தேனைத் தொடாதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். உப்பே வீட்டுக்கு ஆகாது. எக்ஸ் கதிர்க் குழாயைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

புது உப்பு செய்து பெயர் வாங்கும் ஆசையை ஒத்திவையுங்கள். உலகத்தில் பச்சையாக ஒளிரும் மாங்கனீசு உப்புக்குப் பஞ்சமில்லை. தெரிந்த இந்த உப்பையே எடுத்து, துணுக்கு அளவு நான்கு, திரைக் கனம் நான்கு என்று பதினாறு பிடிஎம்எஸ் திரைகள் செய்யுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு மங்கலாக்குகிறது என்று ஒரே எக்ஸ் கதிர் நிலையில் அளந்து அட்டவணை போடுங்கள். எளிய வேலைதான், ஆனால் இதைப் பொறுமையாகச் செய்தவர்கள் குறைவு. பக்கத்தில் கடையில் வாங்கிய கடோலினியம் ஆக்சிசல்பைடுத் திரை ஒன்றையும் வைத்து அளக்க மறக்காதீர்கள், தோற்றாலும் சரி.

கடைசியாக ஒன்று: விளக்கே இல்லாமல் இருட்டில் படிகத்தை நசுக்கினேன், பச்சைப் பொறி தெரிந்தது. கற்பனையா?

கற்பனை இல்லை. இந்தக் குடும்பத்துப் படிகங்கள் பலவும் உடையும்போது ஒளிரும். விரிசல் விழும் முகங்களில் மின்னூட்டம் பிரிந்து, மாங்கனீசைத் தட்டியெழுப்புகிறது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுத்து, பெரிய படிகமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பொடியில் வராது, ஏற்கெனவே உடைந்தது.